ஒரே சர்வர்... மூன்று கிளைகள்! எதைப் பிரிக்க வேண்டும்?

ஆவடியில் ஒரு டியூஷன் சென்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருகைப் பதிவு, கட்டணம், மார்க், பெற்றோரின் போன் நம்பர் எல்லாம் ஒரு வெப் அப்ளிகேஷனில் இருக்கின்றன. மாதச் சந்தா கட்டாமல், சொந்த சர்வரிலேயே அதை நிறுவியிருக்கிறார்கள். இப்போது அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கிளை திறக்கிறார்கள். இன்னும் இரண்டு சர்வர் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. ஒரே சர்வரில் அந்த அப்ளிகேஷனை மூன்று முறை தனித்தனியாக ஓட்டலாம். ஒவ்வொன்றையும் 'இன்ஸ்டன்ஸ்' என்பார்கள். அப்பார்ட்மென்ட் மாதிரிதான். கட்டடம் ஒன்று, ஆனால் வீட்டுக்கு வீடு பூட்டு வேறு.

இதற்குப் பெரிய உதாரணம் விக்கிப்பீடியா. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, தமிழ் விக்சனரி, ஆங்கில விக்கிப்பீடியா என எல்லாமே 'மீடியாவிக்கி' என்ற ஒரே சாப்ட்வேரில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் டேட்டாபேஸ் தனி.

நம் டியூஷன் சென்டரும் இதைத்தான் செய்ய வேண்டும். கிளைக்கு ஒரு டேட்டாபேஸ், அதற்கென்று தனி யூசர், தனி பாஸ்வேர்டு, போட்டோக்களும் ஃபைல்களும் சேமிக்கத் தனி ஃபோல்டர். மூன்று கிளைக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்தால், ஒன்றில் நுழைந்தவருக்கு மூன்றும் திறந்துவிடும். அங்கே இருப்பது பிள்ளைகளின் விவரம்!

வெப் முகவரியும் கிளைக்கு ஒன்று வேண்டும். வாசலில் 'என்ஜின்எக்ஸ்' போன்ற ஒரு சாப்ட்வேரை வாட்ச்மேனாக நிறுத்தினால், வருபவர் கேட்கும் முகவரியைப் பார்த்துச் சரியான வீட்டுக்கு அனுப்பிவிடும். ஒவ்வொரு கிளையும் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று வரம்பு வைப்பதும் முக்கியம். இல்லையென்றால், மார்க் வெளியாகும் நாளில் ஆவடியில் கூட்டம் கூடினால் பூந்தமல்லி உறைந்து நிற்கும்.

புது அப்டேட் வந்தால்? மீடியாவிக்கியின் புதிய பதிப்பு முதலில் சோதனைத் தளங்களுக்குத்தான் போகும். பெரும்பாலான விக்கிப்பீடியாக்களுக்குக் கடைசியில்தான். அதுபோல முதலில் ஒரு கிளையில் மட்டும் போட்டு, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றவற்றில் போடுங்கள்.

கடைசியாக, பேக்கப். சர்வர் இருக்கும் அறையிலேயே பேக்கப் டிஸ்க்கையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்த்தாலே காரணம் புரியும். மாதம் ஒருமுறை அந்த பேக்கப்பைத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப், இல்லாத பேக்கப்!