ஈடும் கூலியும் வேறு வேறு

வடசென்னை அனல்மின் நிலையத்தை அடுத்த அத்திப்பட்டுப் பகுதியிலும் வீட்டைப் புதுப்பிக்கையில் குழாய் உடைவதும், சுவர் விரிசல் காண்பதும் நிகழ்பவையே. உடனே ஆட்களின் கூலியை நிறுத்திவைப்பது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அது நீதியன்று.

ஈடு கேட்பது நம் உரிமை. நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவர், மற்றொருவர் அனுப்பிய உணவுத் தட்டை உடைத்தபோது, அண்ணலார் அதற்குப் பகரமாக நல்ல தட்டைக் கொடுத்தனுப்பியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். ஆனால், வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்னதும் இதே மார்க்கம்தான். சேதத்திற்குப் பொறுப்பு வேலையை ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர். நாட்கூலிக்கு வந்த சித்தாள் அல்லர்.

கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் அல்பகரா 282ஆம் வசனத்தின் வழியில், யார் எதற்குப் பொறுப்பு என்பதை வேலைக்கு முன்பே எழுதிக்கொள்வோம். சேதம் நேர்ந்தால் படமெடுத்து வைத்து, ஒப்பந்தக்காரரிடம் நேரில் பேசுவோம். பின்னர் ஜமாஅத்தார் முன்னிலையில் சமரசம் தேடுவோம். அவர் இணங்காவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை.

அண்டை வீட்டாரின் சுவருக்குச் சேதம் நேர்ந்திருந்தால், வழக்கு முடியும்வரை அவர்களைக் காத்திருக்க வைக்காமல் நாமே முதலில் சீர்செய்து கொடுப்போம். நம் உரிமையைக் கேட்கும்போதும் பிறர் உரிமையைப் பறிக்காதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!