தோற்றால் கோச், ஜெயித்தால் பசங்களா?

சென்னையின் எஃப்சி தோற்றால் கோச்சைத் துரத்த வேண்டும்; ஜெயித்தால் பசங்களைத் தோளில் தூக்க வேண்டும். மூஞ்சிக்கல் டீக்கடையில் பேசிவந்த இந்தச் சித்தாந்தத்தை இப்போது எழுத்திலும் இறக்கிவிட்டார் கொடைக்கானல் நண்பர். முன்னாள் கோச் ஜான் கிரெகரியைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறார். பாவம், சாட்சி எதிர்த்தரப்புக்குத்தான் பேசுகிறது.

2018 மார்ச் 17, பெங்களூரு, ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. ஒன்பதாவது நிமிடத்தில் எதிரணியின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். அதன் பிறகும் 3-2 என்று கோப்பை நம் கைக்கு வந்தது. மூன்றில் இரண்டு மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டியவை. இரண்டும் கார்னரில் வந்தவை. கார்னரில் யார் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஆட்டத்தன்று யாரும் கண்டுபிடிப்பதில்லை, பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகுவது அது. நண்பர் கணக்கில் அந்தக் கோப்பை முழுக்க 'நம்ம பசங்க'ளுடையது. கிரெகரி சும்மா ஓரமாக நின்றிருந்தார் போலும்.

அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். உடனே கிரெகரிக்கு உயிர் வந்துவிடுகிறது: எல்லாவற்றையும் கெடுத்தவர் அவர்தானாம்! கேப்டன் ஹென்ரிக் செரெனோ கிளம்பிப் போனதும், வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க வெளியே இருந்ததும் நண்பர் கண்ணில் படவில்லை. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜே ஒரே கோலோடு நின்றாரே என்றால், 'பையனுக்கு நேரம் சரியில்லை' என்கிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

இன்னொன்றை நண்பர் மொத்தமாகவே விழுங்கிவிட்டார். அந்தக் கடைசி இடத்துக்குப் பிறகு, 2019 ஏப்ரலில், அதே கிரெகரியின் அணி சூப்பர் கோப்பை இறுதிவரை போய் கோவாவிடம் 2-1 என்றுதான் தோற்றது. கெடுத்தவர் அதற்குள் எப்படித் திருந்தினார்?

அவருடைய துருப்புச்சீட்டு ஓவன் கோய்ல். 2019 நவம்பர் இறுதியில் கிரெகரி விலகினார், டிசம்பரில் கோய்ல் வந்தார், மார்ச்சில் அணி இறுதிப்போட்டியில். கோய்ல் அணியை வேறு மாதிரி ஆடவைத்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த சீசனில் 15 கோல் போட்ட வால்ஸ்கிஸ், ஆட்டத்தை நடத்திய கிரிவெல்லாரோ இருவருமே கிரெகரி இருக்கும்போதே அணியில் சேர்ந்தவர்கள். அடிமட்டத்தில் கிடக்கும் அணி யார் வந்தாலும் கொஞ்சமாவது மேலே ஏறும், கீழே போக இடமில்லையே!

கோச்சை விமர்சிக்கவே கூடாது என்பதல்ல. யாரை எப்போது இறக்கினார், எந்த இடத்தில் ஆளைக் காலியாக விட்டார் என்று கேளுங்கள், காது கொடுக்கிறேன். நண்பரின் கட்டுரையில் அப்படி ஒரு வரி இல்லை, ஸ்கோர் மட்டும் இருக்கிறது.

கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2022-ல் லீக் ஷீல்டை வென்றார், 2023-ல் சென்னைக்கே திரும்பினார். 2024-25-ல் 13 அணிகளில் நாம் பதினொன்றாவது. 2020-ல் நண்பர் தலையில் வைத்து ஆடிய அதே மனிதரை இன்று 'ஒன்றுக்கும் உதவாதவர்' என்கிறார். இரண்டில் எது பொய் என்று அடுத்த கட்டுரையில் எழுதட்டும்.