கடல் எச்சரிக்கையின் மொழி

1864ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கல்கத்தாவைத் தாக்கிய பெரும்புயலில் பல்லாயிரம் மக்கள் மாண்டனர். அதன் விளைவாக மறு ஆண்டிலேயே அத்துறைமுகத்திற்குப் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டது. துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்புகளும் உருளைகளும், இரவில் விளக்குகளும் ஏற்றி, 1 முதல் 11 வரையிலான எண்களால் அபாயத்தை உணர்த்தும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. கப்பல் செலுத்தும் கலையை முறையாகப் பயின்றவர்களை நோக்கியே இக்குறிகள் வகுக்கப்பட்டன. எனவே, குறியைக் கண்டவுடன் அதன் பொருளும் விளங்கிற்று.

இன்று கடல் வானிலைச் செய்தியை எதிர்நோக்குவோரில் பெரும்பாலோர் விசைப்படகிலும் நாட்டுப்படகிலும் தொழில் செய்வோர், கடற்கரைக் கிராமத்தார், கரைக்கு உலாவ வருவோர் ஆகியோரே. செயற்கைக்கோள்களும், கடலில் நங்கூரமிட்ட மிதவைகளும், கணிப்பொறிகளும் தரும் விவரங்களைக் கொண்டு இந்திய வானிலைத் துறையும், ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் நாள்தோறும் முன்னறிவிப்புகளை வெளியிடுகின்றன. கணிப்பு வளர்ந்த அளவுக்கு அதனை எடுத்துரைக்கும் மொழி வளரவில்லை. கேட்பவருக்குப் பொருள் விளங்காத எச்சரிக்கை, விடப்படாத எச்சரிக்கைக்கு ஒப்பானது. இக்குறையை நீக்கும் பொறுப்பு வெளிக்கள ஊழியரிடமும் ஆசிரியரிடமுமே பெரிதும் உள்ளது.

முதலாவதாக, காற்று அமைதியாயிருந்தால் கடலும் அமைதியாயிருக்கும் என்னும் எண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் காற்றினால் எழும் அலைக்கு இது ஓரளவு பொருந்தும். ஆனால் இந்துமாக்கடல் வடக்கே ஆசியப் பெருநிலத்தால் அடைபட்டு, தெற்கே தென்துருவக் கடல்வரை திறந்து கிடக்கிறது. அத்தென்கோடியில் வீசும் கடும்புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள், தடையின்றி வடக்கு நோக்கி வருகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 16 விநாடி கழியும் அலையை எடுத்துக்கொண்டால், ஆழ்கடலில் அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். அவ்வலைக் கூட்டத்தின் ஆற்றல் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், முன்னேறுகிறது. ஆகவே, தெற்கே 40 பாகை அட்சரேகையில் பிறந்த அலை சுமார் ஐந்து நாளில் கன்னியாகுமரியை எட்டிவிடும். நடுக்கடலில் அதன் உயரம் கண்ணுக்குப் புலப்படாத அளவு குறைவாக இருக்கலாம். கரையோர ஆழமின்மையால் வேகம் தடைப்படும்போதுதான் அது நிமிர்ந்தெழுந்து கரையை மோதுகிறது.

வானம் தெளிந்திருக்கும்போது முன்னறிகுறியின்றி வரும் இவ்வெள்ளத்தைக் கேரளக் கரையினரும் குமரிக் கரையினரும் கள்ளக்கடல் என்பர். கள்வனைப்போல வருவதால் வந்த பெயர். இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. விஞ்ஞானிகள் ஒரு வாக்கியத்தில் விளக்க வேண்டியதை மீனவர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டனர் என்பது எண்ணத்தக்கது.

2024 மே 6ஆம் நாள் குமரி மாவட்டத்தில் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையால் இழுக்கப்பட்டு மாண்டனர். அந்நாட்களில் கடல் சீற்றம் குறித்த அறிவிப்பு முன்னரே வெளியாகியிருந்தது. கல்வியில் சிறந்த இளைஞருக்கும் தெளிந்த வானத்தின்கீழ் உள்ள கடல் அபாயமானது என்பது புலப்படவில்லை எனில், குறை அவர்களுடையதன்று. அதனைப் பள்ளியில் எவரும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

இரண்டாவது, அலையின் உயரத்தைப் பற்றியது. அறிவிப்பில் அலை 3 மீட்டர் உயரும் என்றால், அதற்குமேல் எழாது என்றே கேட்பவர் கொள்கின்றனர். உண்மையில், வரும் அலைகளில் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரியே அவ்வெண். தனியோர் அலை அதனைப் போல் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது 6 மீட்டர்வரை, எழக்கூடும். படகைக் கவிழ்ப்பது அந்தத் தனி அலைதான். அவ்வாறே, ‘கொந்தளிப்பு’ என்பது 2.5 முதல் 4 மீட்டர்வரை உயரும் அலைகளையும், ‘மிகு கொந்தளிப்பு’ என்பது 4 முதல் 6 மீட்டர்வரை உயர்பவற்றையும் குறிக்கும் வரையறுத்த சொற்கள். இவ்வரையறை அலுவலகத்திற்கு வெளியே தெரியாதவரை, அவை வெறும் அடைமொழிகளாகவே காதில் விழும்.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. 2017 நவம்பர் 29ஆம் நாள் இலங்கைக்குத் தென்கிழக்கே தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாட் காலையிலேயே குமரிக் கடற்பகுதியில் ஒக்கிப் புயலாகி, டிசம்பர் 1ஆம் நாள் மிகத் தீவிரப் புயலாயிற்று. தாழ்வு மண்டலம் என்றால் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர்வரை வீசும் காற்று. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் பன்முறை கேட்டுப் பழகிய சொல் அது. அச்சொல் புயலாக மாற ஒரு நாளே போதும் என்பதைச் செய்தி உணர்த்தவில்லை. பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தோருக்குச் செய்தியே எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கணக்கான மீனவரை அப்புயல் கொண்டது. தொலைபேசி அலைகள் எட்டாத கடலிலும் செய்தி பெற உதவும் ஜெமினி என்னும் கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. கருவியால் செய்தி சென்று சேரும். சேர்ந்த செய்தி விளங்குவது சொல்லைப் பொறுத்தது.

விளக்கம் கூடினால் செய்தி நீளும், நீண்ட செய்தியை எவரும் கேளார் என்று ஒரு சாரார் கூறுவர். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. அடிக்கடி எச்சரித்து ஒன்றும் நிகழாவிடில் மக்கள் நம்பிக்கை இழப்பர் என்பதும் உண்மையே. ஒரு நாள் கடலுக்குப் போகாவிடில் மீனவர் வீட்டில் அடுப்பெரிவது அரிது. அவர்களது அன்றைய ஊதியத்தை ஓர் அறிவிப்பு தடுக்குமாயின், அதன் காரணத்தை அறியும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. காரணம் விளங்கினால், நிகழாமற்போன அபாயத்தையும் பொய்யென்று தள்ளமாட்டார்கள். மேலும், விளக்கத்தைச் செய்தியினுள் திணிக்க வேண்டுவதில்லை. அமைதியான நாட்களில் அது கற்பிக்கப்பட்டிருந்தால், அபாய நாளில் ஒரு சொல்லே போதும்.

ஆதலின் செய்ய வேண்டியவை அரியன அல்ல. வெளிக்கள ஊழியர் அறிவிப்பை வாசிக்குமுன் நான்கு வினாக்களுக்கு அதில் விடை காணல் வேண்டும்: காற்று எத்திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் வீசும்? அலை உள்ளூர்க் காற்றினாலா, தொலைவிலிருந்தா வருகிறது? தனியலை எவ்வளவு எழக்கூடும்? எம்மணி முதல் எம்மணிவரை அபாயம்? இவற்றை அவ்வூர்ச் சொல்லில் கூற வேண்டும். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்கும், நீவாடு என்று நீரோட்டத்திற்கும் கரையில் வழங்கும் பெயர்கள் திசையையும் பருவத்தையும் ஒருங்கே உணர்த்துவன. அவற்றைத் திரட்டி மேலிடத்திற்கு அனுப்புவதும் ஊழியரின் பணியாகவே கொள்ளத்தக்கது.

ஆசிரியருக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. குளத்தின் ஒரு கரையில் கல்லெறிந்து, கல் அடியில் அமர்ந்த பின்னரும் மறுகரையை வந்தடையும் அலையைக் காட்டினால், தென்கடற் புயலின் அலை மாணவருக்கு விளங்கும். வகுப்பில் முப்பது பேரின் உயரத்தை அளந்து, உயர்ந்த பத்துப் பேரின் சராசரியைக் கணக்கிடச் செய்தால், அச்சராசரியினும் உயர்ந்தோர் அப்பத்துப் பேருள்ளேயே இருப்பதை அவர்களே காண்பர். அறிவிப்பில் வரும் அலை உயரமும் அத்தகையதே என்று பின்னர் ஒரு வாக்கியத்தில் கூறினால் போதும். அன்று மாலை அம்மாணவர் வீட்டில் வானொலிச் செய்தி ஒலிக்கும்போது, தந்தைக்கு அதன் பொருளை எடுத்துரைக்க ஒருவர் இருப்பார்.