எடைக்கருவியின் தீர்ப்பு மட்டும் போதாது

“மூணு மாசமா நடக்கிறேன் டாக்டர், ஒரு கிலோகூடக் குறையல” என்று சொல்பவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்: “ஒழுங்கா நடந்திருந்தா குறைஞ்சிருக்கும். வாயைக் கட்டுங்க.” சிலர் விஷயத்தில் இது சரியாக இருக்கலாம். ஆனால், எல்லோருக்கும் இதையே சொல்வது அறிவியலுக்கு ஒவ்வாது. நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்ற ஏரோபிக் பயிற்சிகளால் எல்லா உடலும் ஒரே அளவு இளைப்பதில்லை. அந்த வேறுபாட்டில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இரட்டையர் காட்டிய உண்மை

கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் குளோட் புஷார் குழுவினர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியச் சான்று. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த ஏழு ஜோடி இரட்டை இளைஞர்கள், 93 நாள்கள் பயிற்சி செய்தார்கள். பத்து நாள்களில் ஒன்பது நாள், தினமும் இரண்டு வேளை உடற்பயிற்சி சைக்கிள் மிதித்தார்கள். பயிற்சி கண்காணிப்பில் நடந்தது. உணவின் அளவு கடைசிவரை கூட்டப்படவோ குறைக்கப்படவோ இல்லை. ‘ஏமாற்றியிருப்பார்’, ‘அதிகம் சாப்பிட்டிருப்பார்’ என்ற சந்தேகங்களுக்கே அங்கு இடமில்லை.

சராசரியாக 5 கிலோ குறைந்தது. குறைந்தது அத்தனையும் கொழுப்பு. ஆனால், ஒருவருக்கு 1 கிலோதான் குறைந்தது. இன்னொருவருக்கு 8 கிலோ குறைந்தது. அண்ணனுக்கு எவ்வளவு குறைந்ததோ, ஏறத்தாழ அவ்வளவே தம்பிக்கும் குறைந்தது. வயிற்றுக்குள் குடலைச் சூழ்ந்திருக்கும் கொழுப்பில் இந்த ஒற்றுமை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 14 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வுதான் என்றாலும், அது காட்டிய திசை முக்கியமானது.

அடுத்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் குடும்பம் குடும்பமாக நடத்தப்பட்ட ‘ஹெரிட்டேஜ்’ ஆய்வில், உடலுழைப்பு இல்லாதிருந்தவர்களுக்கு 20 வாரம் சைக்கிள் பயிற்சி தரப்பட்டது. சராசரியாகக் குறைந்த கொழுப்பு ஒரு கிலோவுக்கும் குறைவு. உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் சிலருக்கு வெகுவாக உயர்ந்தது. சிலருக்கு அசையவே இல்லை. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்பவழிப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

மரபணு விதி அல்ல

இந்த வேறுபாட்டை உண்டாக்குவது ஏதோ ஒரு மரபணு அல்ல. பசி, ஓய்வில் செலவாகும் ஆற்றல், கொழுப்பு கரையும் வேகம் என ஒவ்வொன்றிலும் பல மரபணுக்கள் சிறுகச் சிறுகப் பங்களிக்கின்றன. உடல் பருமனோடு தொடர்புடையது என 2007இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ மரபணுவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆய்வு, உடலுழைப்பு உள்ளவர்களிடம் அந்த மரபணுவால் வரும் பருமன் அபாயம் சுமார் 27 விழுக்காடு தணிந்திருப்பதைக் காட்டியது. மரபணுவின் பிடியை உழைப்பு தளர்த்துகிறது.

எனவே, ‘உங்கள் மரபணுவுக்கு ஏற்ற பயிற்சி’ என்று விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பயிற்சியைத் தேர்ந்தெடுக்க இத்தகைய சோதனைகள் உதவாது என்று விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2015இலேயே கூட்டாக அறிவித்துவிட்டார்கள்.

சென்னை தந்த பாடம்

எடை குறையாவிட்டால் நடந்தது வீணா? இதற்கான விடை நம் ஊரிலேயே இருக்கிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து, மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டவர்களில் இது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க சரிவு ஏதுமில்லை.

எடைக்கருவியில் முள் நகராதபோதும் தசைகள் சர்க்கரையை நன்றாகப் பயன்படுத்தக் கற்கின்றன. வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு குறையலாம். பார்க்க ஒல்லியாக இருந்தும் உள்ளே கொழுப்பைச் சுமக்கும் இந்தியர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் கொண்டது.

ஆகவே, மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் முதலில் நோயாளியை நம்ப வேண்டும். எடையோடு இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சு வாங்காமல் ஏறும் படிகள் ஆகியவற்றையும் பார்த்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். எடை குறையவில்லை என்று சோர்ந்து நடையை நிறுத்தியவர்களிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: குறை உங்கள் முயற்சியில் இல்லாமல் இருக்கலாம், பலன் எடைக்கருவிக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கலாம். நாளைக் காலை மறுபடியும் நடக்கத் தொடங்குங்கள்.