கல்தூளும் ஸ்டோர் திறப்பும்

இலாபம் தராத செலவு என்று வியாபாரிகளாகிய நாம் தள்ளிப்போடுபவற்றுள் முதலிடம் பாதுகாப்புக்கு. நானும் தள்ளிப்போட்டவன்தான். வில்லியம் கார்ஃபோர்த் என்ற நிலக்கரிச் சுரங்க முகாமையாளரின் வரலாற்றை வாசித்த பின்னரே என் கணக்குப் பிழை என்று பட்டது.

இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் அல்ரொஃப்ட்ஸ் ஒரு சிறிய சுரங்க ஊர். முகாமையாளர் என்றால் அங்கு ஊர்ப் பெரியவர் என்றும் பொருள். 1886 ஒக்டோபரில் அவரது சுரங்கம் வெடித்து 20 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தன் ஊராரின் ஜனாஸாக்களைக் கண்ட அந்த மனிதர், அழிந்த பாதைகளைத் துருவி ஆராய்ந்தார். கரித்தூள் இருந்த வழியெல்லாம் தீ ஓடியிருந்தது. கல்தூள் படிந்த இடத்தில் அது நின்றுபோயிருந்தது. கல்தூள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியானால் நாமே அதைத் தூவி வைத்தால் என்ன என்று கேட்டார்.

கல்லை அரைத்துத் தூவப் பெரிய சல்லி தேவையில்லை. ஆனாலும் உலகம் உடனே நம்பவில்லை. 1906இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தனர். 1908இல்தான் பிரித்தானிய சுரங்க முதலாளிமார் சங்கம் பணம் போட்டு, அல்ரொஃப்ட்ஸில் தரைக்கு மேலே இரும்புக் குழாய்ப் பாதை அமைத்து வெடித்துப் பார்த்தது. கார்ஃபோர்த் சொன்னது சரியாயிற்று. சுரங்கங்களில் கல்தூள் தூவுவது பின்னர் சட்டமானது. நச்சுப் புகைக்குள் போய் ஆட்களை மீட்கச் சுவாசக் கருவியொன்றையும் அவர் உருவாக்கினார்.

எனக்குப் பிடித்தது அந்தச் சங்கத்தின் செயல். விலையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள் தொழிலாளியின் உயிருக்காக ஒன்றாகப் பணம் போட்டார்கள். நமது வர்த்தக சங்கங்கள் பொன்னாடைக்கும் இப்தாருக்கும் செலவிடுகின்றன, குறை சொல்லவில்லை. ஒரு தெருவின் கடைகளில் மின் வயர்களைப் பரிசோதிக்க ஓர் ஆளை அமர்த்த அந்தப் பணத்தில் கொஞ்சம் போதும்.

எனது ஸ்டோரின் மேல்மாடியில் மூன்று பையன்கள் படுக்கிறார்கள். சரக்குக்குப் பயந்து, இரவில் வெளியே பூட்டிவிட்டுத் திறப்புடன் வீடு போவது என் வழக்கம். பெற்றோர் என்னை நம்பி அனுப்பிய அமானிதங்கள் அவர்கள். போன கிழமை பின்பக்கத்தில் ஒரு கதவும் இரும்பு ஏணியும் வைத்து, திறப்பைப் பையன்களிடமே கொடுத்தேன்.

“நானா, சாமான் போகுமே” என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். அவருடைய ஸ்டோரில் ஐந்து பேர் படுக்கிறார்கள்.