சுவர் மட்டுமா வீடு?

அமெரிக்காவின் டென்னசி மலைக்காட்டுக்குள் தனித்து நிற்கிறது வாக்கர் சகோதரிகளின் மரக்கட்டை வீடு. 1934-இல் கிரேட் ஸ்மோக்கி தேசியப் பூங்கா உருவானபோது, அங்கிருந்த மலைக்குடும்பங்கள் நிலத்தை விற்றுவிட்டு வெளியேற நேர்ந்தது. இந்தச் சகோதரிகள் ஐவரும் அசைய மறுத்தார்கள். கடைசியில் நிலத்தை விற்றாலும், ஆயுள் முழுதும் அங்கேயே வாழும் உரிமையைப் பெற்றார்கள். ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, தாங்களே நெய்து உடுத்தினார்கள். 1964-இல் ஐவரில் கடைசியாக எஞ்சியிருந்த லூயிசா மறையும்வரை அது மனிதர் வாழ்ந்த வீடு. இன்று பூங்கா நிர்வாகம் அதன் கட்டைகளையும் கல் புகைபோக்கியையும் செப்பனிட்டுக் காக்கிறது. பாராட்ட வேண்டிய பணி. ஆனால் மரத்தைக் காப்பது பாதி வேலைதான். அதைச் செதுக்கிய கைகளின் அறிவையும், வெளியேற்றப்பட்டவர்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் மறுசீரமைப்பு முழுமை பெறும்.