தொழிற்கல்வி இரண்டாந்தரமானதா?

மாணவர்களே, சாதாரண தரத்தில் பெறுபேறு குறைந்தவர்களுக்கே தொழிற்கல்வி உரியது என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. இவ்வெண்ணம் தவறானது என்பதே எனது கருத்து.

2022 இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாடு நாள்தோறும் பல மணிநேரம் இருளில் மூழ்கியது. காற்றையும் வெயிலையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. மன்னார்த் தீவில் 2020 இல் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. வீட்டுக் கூரைகளிலும் சூரிய மின் தொகுதிகள் பெருகியுள்ளன. இவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்றவர்கள் தேவை. அவர்கள் நம் ஊரில் இல்லையெனில், அந்த வேலைகள் வெளியாருக்கே செல்லும்.

இது படிப்புக் குறைந்தோரின் தொழிலா? சூரிய மின்கலம் தருவது நேரோட்டம். வீட்டு உபகரணங்களுக்கு வேண்டியது ஆடலோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கும், பனலை எத்திசையில் எவ்வளவு சாய்ப்பது எனக் கணிப்பதற்கும் நீங்கள் இப்போது கற்கும் விஞ்ஞானமும் கணிதமுமே அடிப்படை.

தேசிய தொழிற் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. 4 ஆம் மட்டம் வரை சான்றிதழ். 5, 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7 ஆம் மட்டம் பட்டம். எனவே இப்பாதை இடையில் முடிந்துவிடுவதன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இயங்குகின்றது.

ஆகவே, “வேறு வழியில்லாவிட்டால் பார்ப்போம்” என ஒதுக்காதீர்கள். பெறுபேறு வருமுன்னரே அருகிலுள்ள தொழினுட்பக் கல்லூரிக்குச் சென்று விசாரியுங்கள். போதிய செய்முறைப் பயிற்சி உண்டா, தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டறிந்த பின்னரே சேருங்கள்.